உங்களுக்குத் தெரியுமா? போடி ஏலக்காயும் பார்மா நிபுணர்களும்

பொட்டிபுரம் கிராமத்தை அடுத்த ஏலமலைச் சரிவுகளில் விளையும் ஏலக்காய், போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பருத்த பச்சைக்காய்க்கு நல்ல விலை உண்டு. ஐரோப்பாவுக்குப் போக அந்த நிறமும் பருமனும் மட்டும் போதாது. இலைப்பேனுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் அடித்த பூச்சிமருந்தின் எச்சம் வரம்புக்குள் இருந்தாக வேண்டும். எச்சத்தின் ஆபத்தை மதிப்பிடுவோர், 2002இல் உருவாகி இப்போது இத்தாலியின் பார்மா நகரில் இயங்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் அறிவியலாளர்கள். வரம்பை முடிவு செய்வதோ ஐரோப்பிய ஆணையமும் உறுப்பு நாடுகளும். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; அதாவது 100 டன் காயில் ஒரே ஒரு கிராம். மிகக் கடுமையான அளவுதான். அதைத் தாண்டிய சரக்கை ஐரோப்பியச் சந்தையில் விற்க முடியாது.