ரூட்டர் பெட்டியில் ஒரு கூட்டல் கணக்கு

புதிய மடிக்கணினி வாங்கிவிட்டீர்கள். அடுத்து ஒரு ரூட்டர் வேண்டும். கடைக்காரர் பெட்டியில் அச்சிட்டுள்ள 1200 என்ற எண்ணைக் காட்டி, "நொடிக்கு 1200 மெகாபிட்" என்பார். அந்த எண் எப்படி வந்தது தெரியுமா?

இத்தகைய ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 300 மெகாபிட் வரையிலும், 5 கிகாஹெர்ட்ஸில் 867 வரையிலும் அனுப்ப வல்லது. இரண்டையும் கூட்டி, சற்றே உயர்த்தி, 1200 என்று போட்டுவிடுகிறார்கள். உங்கள் மடிக்கணினியோ ஒரு நேரத்தில் ஒரு வரிசையோடுதான் பேசும்! அதிலும் இவை ஏட்டுக் கணக்கு; நடைமுறையில் பாதி கிடைத்தாலே மேல்.

ஆகவே முதலில் உங்கள் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். 40 மெகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறவருக்கு எந்த ரூட்டரும் இணையத்திலிருந்து 80 கொண்டுவந்து தராது, மலிவானதே போதும். 200 மெகாபிட் இணைப்புள்ளவர், பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில், கம்பி செருகும் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. நான் முதலில் வாங்கியதும் அப்படிப்பட்டதுதான். இயற்பியல் ஆசிரியன் என்று பெயர்!

இனி வீட்டைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; மற்றதற்கு 6 செ.மீ. குறுகிய அலை செங்கல், கான்கிரீட் சுவர்களில் அதிகம் தேய்ந்துபோகிறது. இரண்டு சுவர்களுக்கு அப்பால் நீண்ட அலையே கைகொடுக்கும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில், பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அந்த வரிசையில் நெரிசல் செய்யும். அங்கே 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள ரூட்டருக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுக்கலாம். எதை வாங்கினாலும் இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் வைத்துவிடாதீர்கள். உலோகம் இருவகை அலைகளையும் திருப்பி அனுப்பிவிடும்.