கணினி எழுதும் வரிகளும் வரையும் உருவங்களும்

ஓவியத்தைச் சுவரில் மாட்டியும் சிற்பத்தைப் பீடத்தில் நிறுத்தியும் காட்டும் வழக்கத்திலிருந்து விலகி, ஓர் அறையையோ பொதுச் சதுக்கத்தையோ முழுமையாகப் படைப்பாக்கி, பார்வையாளரை அதனுள் நடமாட விடும் கலை வடிவம் நிறுவல் கலை எனப்படுகிறது. அங்கு தோன்றும் சொற்களையும் உருவங்களையும் அவ்வப்போது கணினியே ஆக்கித் தரும்போது, இயந்திரத்துக்குக் கற்பனை உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பே. எனினும், அந்தக் கணினிக்கு எவை ஊட்டப்பட்டன, அவற்றைத் தேர்ந்தவர் யார் என்ற கேள்விகளே இத்தகைய படைப்புகளை மேலும் தெளிவாக விளக்குகின்றன.

1952ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெராண்டி மார்க் 1 கணினிக்காகக் கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி எழுதிய நிரல் காதல் கடிதங்களை இயற்றியது. பெயர்ச்சொல், பெயரடை, வினை, வினையடை எனப் பிரித்துவைத்த பட்டியல்களிலிருந்து, குலுக்கலில் சீட்டெடுப்பதுபோல் சொற்களை எடுத்து இரண்டே வகை வாக்கிய அமைப்புகளில் அது பொருத்தியதால், கடிதங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இராமல், உருக்கமும் அசட்டுத்தனமும் கலந்தவையாக அமைந்தன. ஜெர்மானியக் கலைஞர் டேவிட் லிங்க், அக்கணினியின் இயக்கத்தை மீண்டும் உருவாக்கி அதை நிறுவல் கலையாக்கினார். 2012இல் காசெல் நகரின் டாக்குமென்டா கண்காட்சியில் அது இடம்பெற்றது.

பிற்காலப் படைப்புகளில் கையால் தொகுத்த பட்டியலின் இடத்தை நரம்பியல் வலையமைப்பு பிடித்தது. ஏராளமான உரைகளைப் படித்து, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்பதைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளும் நிரலமைப்பே இது. 2018 செப்டம்பரில் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில், நெல்சன் தூணைச் சுற்றியுள்ள நான்கு சிங்கங்களுக்குத் துணையாகக் கலைஞர் எஸ் டெவ்லின் சிவப்பு நிறத்தில் ஐந்தாவது சிங்கம் ஒன்றை அமைத்தார். பார்வையாளர் தட்டச்சிடும் ஒரு சொல்லைக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் பயிற்சி பெற்ற நிரல் ஈரடிக் கவிதை புனைய, அது சிங்கத்தின் வாயில் ஒளிர்ந்தது. ஆகவே, இன்றைய மனிதர் தரும் சொல்லுக்கும் விக்டோரியா காலக் கவிதைகளின் சாயல் படிந்தது. அந்தச் சாயலைத் தீர்மானித்தது பயிற்சிக்கெனத் தேர்ந்த நூல்தொகுதியே.

உருவங்களுக்கும் இதுவே பொருந்தும். 2022 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில், துருக்கியில் பிறந்த கலைஞர் ரெஃபிக் அனடோல் ஏறத்தாழ 24 அடி உயரமும் 24 அடி அகலமும் கொண்ட திரையில் 'அன்சூப்பர்வைஸ்டு' என்ற படைப்பை நிறுவினார். அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்த 1,30,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைக்கொண்டு அதன் நிரல் பயிற்றுவிக்கப்பட்டது. ஒரு வலையமைப்பு புதிய உருவங்களை ஆக்க, மற்றொன்று அவை அசலை ஒத்திருக்கின்றனவா எனச் சோதிக்க, இப்போட்டி திரும்பத் திரும்ப நிகழ்வதால் உருவங்கள் செம்மையடைவதே இம்முறையின் அடிப்படை. கூடத்தில் நடப்போரின் அசைவு, ஒலி, வெளியே நிலவும் வானிலை ஆகியவற்றுக்கேற்பவும் திரைக்காட்சி மாறியது. மக்கள் திரண்டு கண்டுகளித்த இப்படைப்பை, கண்ணைக் கவரும் அலங்காரத்துக்கு மேல் எதுவுமில்லை என்று மறுத்த விமர்சகர்களும் உண்டு.

கண்முன் ஓடும் காட்சி எவ்வளவு வியப்பூட்டினாலும், அதற்கு ஆதாரமான தொகுப்பை அறியாமல் அதை மதிப்பிடுவது கடினம் என்பதையே இம்மூன்று படைப்புகளும் உணர்த்துகின்றன. ஸ்ட்ரேச்சியின் பட்டியலை ஒருவர் ஒரே மூச்சில் படித்துவிடலாம். அனடோலின் ஆதாரம் ஓர் அருங்காட்சியகத்தின் அறியப்பட்ட சேகரிப்பு. இணையத்தில் பரந்து கிடக்கும் படங்களைப் படைத்தோரின் இசைவின்றித் திரட்டிப் பயிற்றுவிக்கும் கருவிகள் இன்று பெருகிவிட்டதால், மூலப்பொருளை வெளிப்படையாகக் குறிப்பிடுவது கலைஞரின் கடமையாகவும், அதைக் கேட்டறிவது பார்வையாளரின் உரிமையாகவும் ஆகியுள்ளது.