வேலை உள்ளவரை வீடு

சுங்கை பாலாஸ் தேநீர்க் கூடத்தின் மாடம் மலைச்சரிவைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கிறது. கேமரன் மலைக்கு வருகிறவர்கள் அங்கே நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. பச்சையைப் பார்த்து முடித்த பிறகு, தொழிலாளர் குடியிருப்பின் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். வரிசை பிடித்த கூரைகள், கொடியில் காயும் துணிகள், ஒரு கோயில்.

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய 'போ' தேயிலை நிறுவனத்தின் தோட்டம் இது. இந்த மலையில் தேயிலையை வளர்த்தெடுத்ததில் தமிழர் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அலகில் பெட்டி பொருத்திய பெரிய கத்தரியால் செடியின் நுனியை வெட்டுகிறார்கள். கொழுந்து பெட்டியில் விழுகிறது. நிறைந்ததும் தோளுக்கு மேலே தூக்கி முதுகுக் கூடையில் கவிழ்க்கிறார்கள். இன்று அந்தக் கத்தரியைப் பிடிப்பவர்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் ஏராளம்.

மலேசியத் தோட்டப்புறம் முழுவதும் தலைமுறைகளாக ஒரே கணக்குதான்: வேலை உள்ளவரை வீடு. பிறந்தது அங்கே, கல்யாணம் அங்கே, பிள்ளை பெற்றதும் அங்கே. வேலை ஓய்ந்த அன்று சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற திட்டத்தைப் பிரதமர் துன் ரசாக் காலத்திலேயே, 1973-இல் பேசிவிட்டார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.

அந்தப் பேச்சு முடியக் காத்திராமல், திரைப்படம் காட்டி நிதி சேர்த்து வீடு கட்ட முடியுமா? பிலிப்பினோக்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். 1995-இல் மணிலாவை ஒட்டிய பாகோங் சிலாங் என்ற ஏழைக் குடியிருப்பில் முளைத்தது 'காவாட் காலிங்கா' இயக்கம். 7 ஆண்டில் 7,000 குடியிருப்புகளில் 7 லட்சம் வீடுகள் என்று 2003-இல் இலக்கு வைத்தது. 2006-இல் மகசேசே விருது பெற்றது. வீடு பெறுகிற குடும்பமே கல்லும் மண்ணும் சுமக்க வேண்டும் என்பது அதன் வழக்கம். அந்தக் குடியிருப்புகளின் கதைகள் மூன்றைச் சேர்த்து 2007-இல் 'பராய்சோ' என்ற படம் வந்தது. அதில் ஒன்று, நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்த ஒரு பிலிப்பினோப் பெண்ணின் கதை. அவர் நினைவாகக் கணவர் மணிலாவின் பாசெக்கோ குடிசைப் பகுதியில் 50 வீடுகள் கட்டிக் கொடுத்தார். கடல் கடந்து வாழும் பிலிப்பினோக்கள் அந்தப் படத்தைத் திரையிட்டு வீட்டு நிதி சேர்த்தார்கள்.

நமக்கும் இது அந்நியமல்ல. தோட்டத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, இடம் வலமாக மாறிய எம்.ஜி.ஆரைப் பார்ப்பார்கள். பணம் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. அதே தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கித் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்றாடங்காய்ச்சிகளின் பணம் அது.

2018 ஜனவரி 6-இல் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில், சென்னை நடிகர் சங்கக் கட்டடத்துக்கு நிதி திரட்ட நட்சத்திரக் கலைவிழா நடந்தது. நம்மவர்கள் டிக்கெட் வாங்கிப் போனார்கள். அந்த அரங்கம் எழுந்தது புக்கிட் ஜாலில் ரப்பர் தோட்ட நிலத்தில். அத்தோட்டத்தில் எஞ்சிய 41 குடும்பங்கள், மிச்சமிருந்த 26 ஏக்கரில் வீட்டுக்காக 4 ஏக்கர் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடின. இந்த முரண் என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. நடிகர்கள்மீது எனக்குக் குறையில்லை. கடல் தாண்டி ஒரு கட்டடத்துக்குக் கொடுக்கிற கை, பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுக்கும் என்று நம்புகிறேன்.

திரையிட நம்மிடம் படமும் இருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015-இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. கெட்ட என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்தான் நம் நாக்கில் ஜகாட் ஆனது. தோட்டம் போனபின் புறம்போக்கில் ஒதுங்கிய குடும்பங்களும், அங்கே வளரும் ஒரு பையனும்தான் கதை. வீடு போனால் கூடவே என்னென்ன போகும் என்று அந்தப் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதைக் கேமரன் மலையின் தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ ஒரு திடலில் போடலாம். நுழைவுக்கு அதே 10 வெள்ளி. சேருவது, வேலை ஓயப்போகும் குடும்பங்களின் வீட்டு முன்பணத்துக்கு. முன்வரிசை தோட்டத்து முதியவர்களுக்கு. இரவு எட்டு மணிக்கெல்லாம் மலையில் பல் கிட்டிவிடும். வருகிறவர்களை ஆளுக்கொரு போர்வை எடுத்துவரச் சொல்ல வேண்டும்.