கட்டடக் கோடும் துணிக் கோடும்

துணியில் கோடு போடுவது நெசவாளர் தொழில், சுவரில் கோடு போடுவது கொத்தர் தொழில் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். இரண்டும் ஒரே கலையின் இரு கிளைகள் என்பதை ஆமதாபாத் நகரம் காட்டுகிறது.

அங்கே முதல் பஞ்சாலை 1861இல் ஓடத் தொடங்கிற்று. பின்னாளில் மில் முதலாளிகள் தங்கள் சங்கத்துக்கு ஒரு மாளிகை வேண்டி, கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயை அழைத்தனர். 1954இல் அது எழுந்தது. மாலை வெயிலைத் தடுக்க மேற்கு முகப்பில் சாய்வாக நிறுத்திய காங்கிரீட் பலகைகள். அவற்றைக் குறுக்கிடும் மாடித் தளங்கள். எட்டி நின்று நோக்கினால் பாவும் ஊடையுமே நம் கண்ணுக்குத் தோன்றும். கிழக்கே சபர்மதி மணலில் சாயக்காரர் துணி உலர்த்தும் காட்சியும் அவர் கருத்தில் இருந்தது.

1955இல் திறக்கப்பெற்ற சண்டிகர் உயர் நீதிமன்றத்திலோ, அவர் துணியையே கட்டடத்தின் பகுதியாக்கினார். எதிரொலியை அடக்கப் பெருந் திரைகள் வேண்டியிருந்தன. வண்ணக் கட்டங்களை அவர் வரைய, காஷ்மீர நெசவாளர் நெய்தனர். ஒரு திரை 144 சதுர மீட்டர். மற்ற எட்டும் தலைக்கு 64.

கட்டடம் சின்னமாகவும் மாறும். ஆமதாபாத் ஸீதி ஸையத் மசூதியின் கல் ஜாலியே அந்நகரின் இந்திய நிர்வாகவியல் கழகச் சின்னத்துக்கு மூலமாயிற்று. 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அங்கே தோன்றிற்று.

ஆனால் 1980களிலும் 1990களிலும் ஆலைகள் பல மூடப்பட்டன. மாளிகை நின்றது, தொழிலாளர் கூலி நின்றுபோயிற்று. டிசைன் அவர்கள் சொத்தாக இருக்கவில்லை. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

வெள்ளகோவிலில் பிறர் அனுப்பும் மாதிரியை நெய்து கொடுப்பதோடு நின்றால் நமக்கு மிஞ்சுவது கூலி மட்டுமே. தறிக்கூடத்து ஜன்னலின் சிமெண்டு ஜாலி, ஓட்டு வரிசை, அவற்றின் நிழல் ஆகியவற்றைக் கட்டத்தாளில் எழுதிப் பாருங்கள். பவானி ஜமக்காளத்தின் பெயர் அதன் வண்ணப் பட்டைகளால் அன்றோ நாடெங்கும் பரவிற்று!

2000ஆம் ஆண்டின் டிசைன்கள் சட்டப்படி, பதிவு பெற்ற புதிய டிசைனுக்கு 10 ஆண்டு உரிமை உண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதிவுக்கு விண்ணப்பிக்குமுன் அதனை வெளியே காட்டலாகாது. ஆகவே நல்ல கோடு ஒன்று கைக்கு அகப்பட்டால், சந்தைக்குக் கொண்டுபோகுமுன் அதைச் சங்கத்துக்குக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.