ஏலக்காய் அறையும் நுண்ணிய பெருக்கியும்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் உள்ள ஏலக்காய் உலர்த்தும் அறைகளைக் கம்பம், போடி வழியே மலையேறிச் சென்ற நம்மவர் நன்கறிவர். பறித்த காய் ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் ஒருநாளளவு உலர்கிறது. சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போகும். நிறம் போனால் ஏலத்தில் விலையும் போகும். ஆகவே அங்குள்ள வெப்பமானி பொய் சொல்லலாகாது.

இருவேறு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பமின்னிரட்டை, டிகிரி ஒன்றுக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் மின்னழுத்தமே தரும். மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதனைப் பெருக்கிக் காட்டுவது ‘ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபயர்’. இப்பெயரைத் தமிழாக்கப் புகுந்தபோது நாம் சற்றுத் தடுமாறினோம். ‘ஆபரேஷன்’ இங்கே கூட்டல், கழித்தல் போன்ற கணிதச் செயலைக் குறிக்கும். கணக்கிடும் மின்சுற்றுகளில் பயன்பட்டதால் வந்த பெயர். ஆகவே ‘செயற்பெருக்கி’ என்போம்.

எந்தச் செயற்பெருக்கியைத் தேர்வது? பலரும் முதலில் வேகத்தைப் பார்க்கின்றனர். நாள் முழுதும் மெல்ல மாறும் வெப்பத்திற்கு வேகம் எதற்கு? பார்க்க வேண்டியது சுழிப்பிழை. அதாவது, உள்ளே ஒன்றும் வராதபோதும் ஏதோ வந்ததுபோல் பெருக்கி காட்டும் பொய். 1968இல் வெளிவந்த 741 என்னும் புகழ்பெற்ற பெருக்கியில் இப்பிழை ஒரு மில்லிவோல்ட் இருப்பது இயல்பு. அது 25 டிகிரிக்குச் சமம்! ஓ.பி. 07இன் உயர்தர வகையில் 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேற்படாது. இரண்டு டிகிரிக்கும் குறைவு.

நிலையான பிழையைத் திருகிச் சரிசெய்துவிடலாம். வெப்பத்தோடு நகரும் பிழைதான் வஞ்சகமானது. பாலக்காட்டுக் கோடையில் 40 டிகிரியில் சரிசெய்த கருவி, இடுக்கியின் பனிக்காலை 10 டிகிரியில் வேறொன்று சொல்லும். ஓ.பி. 07 டிகிரிக்கு 1.3 மைக்ரோவோல்ட் வரை நகரலாம். 30 டிகிரி மாற்றத்தில் பிழை ஒரு டிகிரியளவு. தன் பிழையை இடைவிடாது தானே அளந்து கழிக்கும் ‘சாப்பர்’ வகையில் நகர்ச்சி மிகச் சொற்பம். மந்த அதிர்வெண்ணில் பெருகும் இரைச்சலும் அடங்கும். ஆயினும் அதன் உட்சுவிட்சுகள் எழுப்பும் அலையை வடிகட்ட வேண்டும். ஏலக்காய்க்கு, நிழலில் வைத்த ஓ.பி. 07 போதுமென்பது நம் கருத்து. அணைக் காங்கிரீட்டின் நுண்ணிய நீட்சியை மின்தடைப் பாலத்தால் அளப்பதாயின், இரண்டு மூன்று மைக்ரோவோல்ட்டும் பொருட்டாகும். அங்கே சாப்பரே தகும்.

சோதிப்பது எளிது. மின்னிரட்டையின் இரு சந்திகளையும் ஒரே பனிக்கட்டி நீரில் அமிழ்த்துங்கள். மின்னழுத்தம் சுழியாதல் வேண்டும். கருவி காட்டும் மிச்சம் பெருக்கியுடையது. கொதிநீரை நம்பவேண்டாம், ஆயிரம் மீட்டர் உயரத்தில் நீர் 97 டிகிரியை எட்டுமுன்னரே கொதித்துவிடும்.