ரெண்டு ஆஃபர் கையில இருக்கு, ரெண்டுமே உறுதியில்லை: எதை எடுக்கலாம்?

காலேஜ் முடிச்ச பலரும் கேட்கிற கேள்வி இது: "பெரிய ஐ.டி. கம்பெனி ஆஃபர் ஒண்ணு இருக்கு, ஆனா ஜாயினிங் தேதி சொல்லலை. ஸ்டார்ட்அப் ஆஃபர் இன்னொண்ணு. சம்பளம் அதிகம், உடனே வரச் சொல்றாங்க. ஆனா கம்பெனி எத்தனை நாள் ஓடும்னு தெரியலை. எதுல சேரட்டும்?"

வீட்டுல கேட்டா "பெரிய கம்பெனிதான் பாதுகாப்பு"ன்னு சொல்வாங்க. ஃப்ரெண்ட்ஸ் "சி.டி.சி. எதுல அதிகமோ அதை எடு"ம்பாங்க. ரெண்டுமே பாதி பதில்தான். நீங்க கேட்க வேண்டியது வேற: அடுத்த 12 மாசத்துல எந்த ஆஃபர்ல இருந்து எவ்வளவு பணம் நிஜமா உங்க அக்கவுன்ட்டுக்கு வரும்? வரலைன்னா எத்தனை மாசம் தாக்குப் பிடிப்பீங்க?

முதல்ல சி.டி.சி.யை உடைச்சுப் பாருங்க

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். பெரிய கம்பெனி சி.டி.சி. 3.6 லட்சம், அதாவது மாசம் 30,000. இதுல கம்பெனி பங்கு பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி சுமார் 700, இன்ஷூரன்ஸ் 500, வேரியபிள் பே 3,000 போயிடும். மிச்சம் 24,000. உங்க பங்கு பி.எஃப். 1,800 கழிச்சா கையில வர்றது சுமார் 22,000.

ஸ்டார்ட்அப் சி.டி.சி. 6 லட்சம். கேட்க நல்லா இருக்கு. ஆனா ஃபிக்ஸட் 4.5 லட்சம்தான்; 90,000 பெர்ஃபார்மன்ஸ் போனஸ், 60,000 ஈசாப்ஸ். இதே மாதிரி கழிச்சா மாசம் சுமார் 33,000 வரும். பட்டியலிடாத கம்பெனியோட ஈசாப்ஸை நினைச்ச நேரம் விற்க முடியாது. பல இடங்கள்ல முதல் வருஷம் முடியுறதுக்குள்ள கிளம்பினா ஒண்ணுமே கிடைக்காது. அதனால அதை இப்போதைக்கு பூஜ்யம்னே வச்சுக்கோங்க.

புதிய வரி முறையில, 2025-26 நிதியாண்டு விதிப்படி இந்த ரெண்டு சம்பளத்துக்கும் வருமான வரி கிடையாது. அந்தக் கவலை வேண்டாம்.

இப்போ 12 மாசக் கணக்கு

சென்னையில பெரிய கம்பெனி, செலவு மாசம் 12,000, மிச்சம் 10,000. பெங்களூருல ஸ்டார்ட்அப், பி.ஜி., சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 18,000, மிச்சம் 15,000. இப்போ நாலு நிலைமையைப் பாருங்க:

- பெரிய கம்பெனி 2 மாசத்துல கூப்பிட்டா, வருஷக் கடைசியில மிச்சம் 1,00,000
- 8 மாசம் கழிச்சுக் கூப்பிட்டா 40,000
- ஸ்டார்ட்அப் வருஷம் முழுக்க ஓடினா 1,80,000
- 4 மாசத்துல வேலை போனா 60,000, அடுத்த வேலை தேடுற செலவு தனி

ஸ்டார்ட்அப்ல 7 மாசம் சம்பளம் ஒழுங்கா வந்துட்டாலே 1,05,000 மிச்சம். பெரிய கம்பெனி 2 மாசத்துல கூப்பிட்டிருந்தா கிடைக்கிறதை அது தாண்டிடுது. அதனால "ஸ்டார்ட்அப் பாதுகாப்பா?"ன்னு பொத்தாம் பொதுவா யோசிக்க வேண்டாம். "7 மாசம் சம்பளம் போடுமா?"ன்னு கேளுங்க. இதை ஓரளவு விசாரிச்சுப் பார்க்க முடியும். உங்க நம்பர்களைப் போட்டு உங்க எல்லைக்கோட்டைக் கண்டுபிடிங்க.

விசாரிக்கிறது எப்படி?

இ.பி.எஃப்.ஓ. இணையதளத்துல நிறுவனத் தேடல்னு ஒரு வசதி இருக்கு, இலவசம். கம்பெனி பேரைப் போட்டா, எந்த மாசத்துக்கு, எந்தத் தேதியில, எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டியிருக்காங்கன்னு காட்டும். மாசாமாசம் கட்டியிருந்தா நல்ல அறிகுறி. போன வருஷம் 80 பேர், இப்போ 35 பேர்னு இருந்தா யோசிக்கணும். தேதி தள்ளிக்கிட்டே போனாலும் அப்படித்தான். 20 பேருக்குக் கீழ இருக்கிற கம்பெனிக்கு பி.எஃப். கட்டாயம் இல்லை, அதனால பேர் இல்லைன்னாலே மோசடின்னு முடிவு கட்டிடாதீங்க.

பெரிய கம்பெனி பக்கம், கடிதத்தை நல்லா படிங்க. "லெட்டர் ஆஃப் இன்டென்ட்"னு இருந்தா அது பெரும்பாலும் எடுக்க விருப்பம்னு சொல்றதுதான். "பிசினஸ் தேவையைப் பொறுத்து"ங்கிற வரி இருந்தா தேதி அவங்க கையில. 2022-ல ஆஃபர் வாங்கின ஃப்ரெஷர்கள் பலர் ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்தது ஞாபகம் இருக்கட்டும்.

கல்விக் கடன் காத்திருக்காது

வங்கிகள் பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை இ.எம்.ஐ. கேட்காது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். வட்டியோட 4 லட்சம் பாக்கி, 10% வட்டி, 7 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 6,640. ஜாயினிங் தேதி தள்ளிப் போனாலும் இந்தத் தேதி தள்ளாது. கடன் இருந்து, அப்பாவும் ரிட்டையர் ஆகப்போறார்னா, காத்திருக்கிறதும் ஒரு ரிஸ்க்தான். கடன் இல்லை, வீட்டுல ஆறு மாசம் பார்த்துக்குவாங்கன்னா, நீங்க தாராளமா காத்திருக்கலாம்.

ஸ்டார்ட்அப்ல சேர்ந்துட்டு, பெரிய கம்பெனி கூப்பிட்டா மாறலாமா?

மாறலாம். ஆனா கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, நோட்டீஸ் பீரியட். அங்க 90 நாள்னு இருந்து, இவங்க 15 நாள்ல வரச் சொன்னா மாட்டிக்குவீங்க. இன்னொண்ணு, பாண்ட். "கோர்ட்ல நிக்காது"ன்னு அசால்ட்டா விடாதீங்க. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்குல, 3 வருஷத்துக்கு முன்னாடி விலகினா 2 லட்சம் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எல்லா பாண்டும் செல்லும்னு அர்த்தம் இல்லை, ஆனா தொகையைப் பார்க்காம கையெழுத்துப் போடக்கூடாது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை யார்கிட்டயும் ஒப்படைக்காதீங்க. வேலைக்கு முன்பணம் கேட்டா அங்கயே நிறுத்திடுங்க.

இன்னைக்கே ரெண்டு எச்.ஆர்.க்கும் மெயில் போடுங்க: ஜாயினிங் எந்த மாசம், ஃபிக்ஸட் பே எவ்வளவு, போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க, நோட்டீஸ் எத்தனை நாள், பாண்ட் உண்டா? ஃபோன்ல சொல்றதை நம்பாதீங்க, எழுத்துல வாங்குங்க. தெளிவா பதில் சொல்ற கம்பெனி எது, மழுப்புற கம்பெனி எதுங்கிறதும் ஒரு தகவல்தான்.

கணக்குப் போட்ட பிறகும் ரெண்டும் சமமா வந்தா, எதுல வேலை கத்துக்க முடியுமோ அதை எடுங்க. உங்க நம்பர்களை கமென்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.