கணிப்பொறி தடுமாறுவது ஏன்?

நோயாளியின் முகத்தைக் கண்டதும் மருந்தைக் கையில் எடுப்பவர் நல்ல மருத்துவர் ஆகார். நோய் எப்போது தொடங்கிற்று, எந்நேரத்தில் மிகுகின்றது, எதனால் தணிகின்றது என்றெல்லாம் கேட்டறிந்து, அதன் காரணத்தைத் தெளிந்த பின்னரே மருந்து தருபவர்தாம் நல்ல மருத்துவர். பொறிகளின் பழுதைத் தீர்ப்பதற்கும் இந்நெறியே உரியது. விளையாட்டுக்கெனப் பயன்படும் கணிப்பொறியைக் கொண்டு இவ்வுண்மையைக் காண்போம்.

இளைஞர் ஒருவர் மாலை நேரங்களில் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஓராண்டுக் காலம் பணம் சேர்த்தார். அவருடைய கணிப்பொறியில் நகர வீதிகளில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. புதிய தெருவுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும்; பின்னர்த் துள்ளி ஓடும். கிராபிக்ஸ் கார்டு பழையதாகிவிட்டதே இதற்குக் காரணம் என்று அவர் எண்ணினார். சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்துப் புதிய கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினார். நொடிக்கு 60 ஆக இருந்த படங்களின் எண்ணிக்கை 90 ஆக உயர்ந்தது. ஆயினும், தெருமுனையில் படம் உறைவது மட்டும் நிற்கவில்லை. பணம் போயிற்று, பழுது போகவில்லை. அவர் தவறியது எங்கே?

திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுவதால், நம் கண் அவற்றை அசைவாகக் கொள்கிறது. கணிப்பொறி விளையாட்டும் இங்ஙனம் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களால் ஆனதே. அப்படம் ஒவ்வொன்றையும் பிரேம் என்பர். ஆயின், இவ்விரண்டிற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. திரைப்படத்தின் படங்கள் முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டின் பிரேம்களோ, ஆடுபவர் ஆடும்போதே அப்போதைக்கப்போது வரையப்படுபவை. வண்டி எங்கே இருக்கிறது, எதிரில் வருவது யாது என்பவற்றைப் பிராசஸர் என்னும் செயலி கணக்கிட்டுக் கட்டளையிடுகிறது. அக்கட்டளையின்படி கிராபிக்ஸ் கார்டு படத்தைத் தீட்டுகிறது. மானிட்டர் அதனைக் காட்டுகிறது. நொடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமாயின், ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்கு ஒன்றாக அவை தவறாமல் வந்து சேர்தல் வேண்டும். மில்லி நொடி என்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகும்.

இவ்விடத்தில் சராசரி என்னும் கணக்கு நம்மை ஏமாற்றிவிடக்கூடும். ஒரு நொடியில் 59 பிரேம்கள் ஒவ்வொன்றும் 14 மில்லி நொடியில் வந்து, எஞ்சிய ஒன்று மட்டும் 174 மில்லி நொடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் சரியாக ஒரு நொடி, பிரேம்களும் 60. கணக்கில் குறையில்லை, கண்ணுக்கோ படம் இடறி நின்றது நன்கு தெரியும். ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவே என்று கேட்டு இறங்கியவன், நடுவே இருந்த மடுவில் மூழ்கியது போன்றதே இது. ஸ்காட் வாசன் என்பவர் 2011-ஆம் ஆண்டில் ‘டெக் ரிப்போர்ட்’ என்னும் இணைய இதழில் இக்குறையை எடுத்துக்காட்டினார். நொடிக்கு எத்தனை பிரேம்கள் என்று எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளத்தல் வேண்டும் என்று விளக்கினார். இன்று அந்நேரத்தைப் பதிந்து காட்டும் ‘பிரசென்ட்மான்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எனவே, முதலில் அறியவேண்டுவது குறையின் வகையாகும். படம் எப்போதும் மெதுவாக ஓடுகிறதா, அல்லது விரைந்து ஓடிக்கொண்டே இடையிடையே இடறுகிறதா? இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

எப்போதும் மெதுவாக ஓடுமாயின், செயலி, கார்டு ஆகிய இரண்டில் எது பின்தங்குகிறது என்று அறிதல் வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. படத்தின் நுணுக்க அளவை, அதாவது ரெசல்யூஷனை, குறைத்துப் பார்க்கவேண்டும். அதனால் தீட்டும் வேலை குறையும்; கணக்கிடும் வேலை பெரிதும் குறையாது. வேகம் நன்கு உயருமாயின், கார்டே சுமை தாங்காமல் நின்றது என்பது தெளிவு. வேகம் உயராவிடின், செயலியே காரணமாதல் கூடும். பின்னைய நிலையில் புதிய கார்டு வாங்குவது வீண் செலவே அன்றோ?

தொடக்கத்தில் நன்றாக ஓடி, அரைமணி நேரம் கழிந்தபின் தளர்ந்தால், வெப்பத்தை ஐயுறவேண்டும். செயலியின் சூடு குறித்த எல்லையை எட்டியதும், தன்னைக் காத்துக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல செயலிகளுக்கு இவ்வெல்லை 95 முதல் 100 பாகை செல்சியஸ் வரையில் உள்ளது. காற்று செல்லும் வழியில் தூசி அடைத்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கணிப்பொறியை நிறுத்தி, மின்னிணைப்பை அகற்றி, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு தூசியை ஊதி நீக்கினால் போதும்.

இடையிடையே இடறுமாயின், இடறும் வேளையை உற்று நோக்கவேண்டும். புதிய காட்சி முதன்முறை தோன்றும்போது இடறி, மறுநாள் அதே இடத்தில் இடறாவிடின், அது ஷேடர் எனப்படும் சிறு நிரல்களால் நேர்வது. ஒளியையும் நிழலையும் தீட்டும் முறையைக் கார்டுக்குக் கற்பிப்பவை அவை. ஒவ்வொரு கார்டுக்கும் ஏற்ப அவற்றை மாற்றி அமைத்தாக வேண்டும். அவ்வேலை ஆட்டத்தின் நடுவே நிகழும்போது படம் நின்றுவிடும். மாற்றி அமைத்தவை சேமித்து வைக்கப்படுவதால், அடுத்த முறை தடை இராது. இதற்கு வேண்டுவது பொறுமையேயன்றிப் புதிய கருவி அன்று.

ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் இடறுமாயின், விளையாட்டு எங்கே சேமிக்கப்பட்டுள்ளது என்று பார்க்கவேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கினுள் வட்டத் தகடு சுழல்கிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தகடு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை நகர்வதற்கும் நேரம் வேண்டும். ஆதலின், ஓரிடத்தில் உள்ள செய்தியைத் தேடி எடுக்கவே 10 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடும். புதிய தெருவின் வீடுகளும் மரங்களும் நூறு இடங்களில் சிதறிக் கிடந்தால், அவற்றைத் திரட்ட ஒரு நொடிக்கு மேல் ஆகும். சுழலும் உறுப்பு இல்லாத எஸ்.எஸ்.டி.யோ, ஓரிடத்துச் செய்தியை மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே எடுத்துத் தந்துவிடும்.

இவையன்றி, சிறு கவனக்குறைவுகளும் பெருங்குறைகளாகத் தோன்றுவதுண்டு. மானிட்டரின் கம்பியைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிடுவோர் உளர். கார்டு சும்மா இருக்க, செயலியில் அமைந்த சிறிய வரைகருவியே வேலை முழுவதையும் சுமக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, விண்டோஸ் அமைப்பில் அதனை 60 இலேயே விட்டுவிடுவோரும் உளர். 3200 என்று விற்கப்படும் ராம், பயோஸில் உரிய அமைப்பை இயக்காவிடின் 2133 அளவிலேயே ஓடிக்கொண்டிருத்தல் கூடும். இவற்றைச் சரிசெய்யக் காசு வேண்டியதில்லை. கவனம் ஒன்றே வேண்டும்.

சோதிக்கும்போது மறவாது கொள்ளவேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். மாற்றுமுன்னும் மாற்றிய பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நான்கினை ஒருங்கே மாற்றினால், பழுது தீர்ந்தாலும் அது எதனால் தீர்ந்தது என்பது விளங்காது. மீண்டும் வரும்போது முதலிலிருந்தே தொடங்க நேரும்.

அவ்விளைஞரும் பின்னர் இம்முறையையே கைக்கொண்டார். பிரேம் ஒவ்வொன்றின் நேரத்தையும் பதிந்து பார்த்தார். படம் உறையும் வேளையிலெல்லாம் ஹார்டு டிஸ்க் ஓய்வின்றி உழைப்பதைக் கண்டார். விண்டோஸ் இருந்த எஸ்.எஸ்.டி.யில் இடம் மிகுந்திருந்தது. விளையாட்டை அதற்கு மாற்றினார். தெருமுனையில் உறைவது அன்றே நின்றது. அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை. அரைமணி நேரத்தில் தீர்ந்திருக்கக்கூடிய பழுதுக்கு அவர் ஓராண்டு உழைப்பை விலையாகக் கொடுத்துவிட்டார்.

விலை மிக்க பொருளை மாற்றிவிட்டால் எக்குறையும் தீரும் என்று எண்ணுவது எளிது. காரணத்தைத் தேடிச் செல்வதே அரிது. ஆயினும், தேடிக் கண்டவனுக்குப் பொருளும் மிஞ்சும், அறிவும் வளரும். கணிப்பொறிக்கு மட்டுமன்றி, நம் கைக்கு வரும் எப்பொறிக்கும் இது பொருந்தும்.